அதிகாரம் ஒன்று, நிலை பழையது

எங்கள் வட்டாரத்து இளம் நிருபர்கள் இந்த ஆண்டு ஒரு மலர் கொண்டுவருகிறார்கள். அதில் எனக்கு ஒதுக்கியிருக்கும் தலைப்பு, ‘வீழ்ந்த தலைவர்கள் சொல்லும் பாடம்’. கள்ளக்குறிச்சியில் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தவன், விழுந்தவர்களை நிறையப் பார்த்திருப்பான் என்று நினைக்கிறார்கள். பார்த்திருக்கிறேன். ஆனால் பாடம் சொல்லும் நிலையில் அவர்களில் ஒருவரும் இருக்கவில்லை. தாங்கள் விழுந்துவிட்ட செய்தியே அவர்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

சின்னசேலம் பக்கத்தில் ஓர் ஊராட்சித் தலைவர், தேர்தலில் தோற்ற பிறகும் ஓர் ஆண்டு வரை திறப்பு விழாக்களுக்கு வந்துகொண்டிருந்தார். சட்டைப் பையில் சொந்தக் கத்தரிக்கோல் இருக்கும். புதிய தலைவர் தட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுப்பதற்குள் இவர் ரிப்பனை வெட்டிவிடுவார். கூட்டம் கைதட்டும். ரிப்பன் விழுந்தால் தட்டுவது என்றுதான் அவர்களுக்குப் பழக்கம், யார் வெட்டியது என்று பார்ப்பதில்லை. உளுந்தூர்பேட்டையில் லாரிகளை மறித்துச் சோதிக்கும் அதிகாரி ஒருவர் இருந்தார். கை தூக்கினால் வரிசையாக நிற்கும். ஓய்வு பெற்ற மறுநாள் பெட்டியோடு முக்கூட்டுக்கு வந்து, ஊருக்குப் போகும் பஸ்ஸுக்குக் கை தூக்கினார். மூன்று பஸ்கள் நிற்காமல் போயின. பஸ் நிற்கும் இடம் சற்றுத் தள்ளி இருந்தது. இருபது ஆண்டுகள் அந்தச் சாலையில் நின்றவருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

இவை துணுக்குகள். நான் முழுதாகப் பார்த்த வீழ்ச்சி ஒன்றுதான். அதைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட்டேன் என்பதுதான் சிக்கல்.

வேலை கற்ற காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கடைவீதியில் என் தகப்பனார், அத்தா, ஜவுளிக்கடை வைத்திருந்தார். துணி மடிக்கிற மேசையில்தான் செய்தி எழுதுவேன். எழுதியதை ஒரு கவரில் போட்டு, சிவப்பு மையில் ‘செய்தி, அவசரம்’ என்று எழுதி, பகல் இரண்டரை மணி விழுப்புரம் பஸ் கண்டக்டரிடம் கொடுக்க வேண்டும். விழுப்புரத்தில் எங்கள் மாவட்ட ஆசிரியர் வேதாசலம் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்வார்.

வேதாசலம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. பையன்களான எங்களையும் ‘நீங்க’ என்றுதான் சொல்வார். கசப்பான எதையும் சொல்வதற்கு முன் பென்சில் சீவுவார். சீவல்களை ஒரு தாளில் சேர்த்து, மடித்து, குப்பைக்கூடையில் போட்ட பிறகுதான் பேச்சு. ஆகவே அவர் பிளேடைக் கையில் எடுத்தால் எதிரில் இருப்பவனுக்கு வியர்க்கும். ஒவ்வொரு செய்திக்கும் இடது ஓரத்தில் ஓர் எழுத்து இருக்க வேண்டும் என்பது அவர் ஏற்படுத்திய விதி. நேரில் பார்த்தது என்றால் ‘பா’. கேட்டது என்றால் ‘கே’. தாளில் கண்டது என்றால் ‘தா’. எழுத்து இல்லாத செய்தி மறுநாள் பஸ்ஸில் எனக்கே திரும்பி வரும். ஓரத்தில் பென்சிலில், ‘யார் பார்த்தது?’ ஒருமுறை, ‘திரளான மக்கள்’ என்று எழுதிவிட்டு ‘பா’ போட்டிருந்தேன். ‘எண்ணினீர்களா?’ என்று திரும்பி வந்தது.

இரண்டரை மணி பஸ்ஸை விட்டால் செய்தி ஒரு நாள் பழசு. அதனால் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத ஒரு வழக்கம் இருந்தது. மாலையில் நடக்கப் போகும் கூட்டத்தைக் காலையிலேயே ‘நடைபெற்றது’ என்று எழுதிவிடுவோம். அழைப்பிதழில் வரிசை இருக்கிறது. இன்னார் தலைமை தாங்கினார், இன்னார் பேசினார், இன்னார் நன்றி கூறினார். நன்றி கூற வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டாலும் மறுநாள் பத்திரிகையில் நன்றி கூறியிருப்பார். அவரே அதைப் படித்துவிட்டு மகிழ்ச்சியடைவார். இப்படிப்பட்ட செய்திக்கு ‘தா’ போட வேண்டும், அவ்வளவுதான்.

கல்வராயன் மலையில் பரம்பரைத் தலைவர்களின் அதிகாரத்தை அரசு எடுத்துக்கொண்டுவந்த காலம் அது. நான் சொல்லப் போகிறவர் அவர்களில் மிகச் சிறியவர். கிழக்குச் சரிவில் அத்திக்குழியும் அதைச் சுற்றி ஏழெட்டுச் சிற்றூர்களும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை. பெரியவூட்டார் என்பார்கள். அவர் கொல்லையை உழ, விதைக்க, அறுக்க, விறகு கொண்டுவர, அவர் வெயிலில் நடந்தால் குடை பிடிக்க, வீட்டுக்கு ஓர் ஆள் முறை வைத்துப் போக வேண்டும். கூலி கிடையாது. முறைக்கு வராத வீட்டுக்கு ஊரில் யாரும் நெருப்புகூடத் தர மாட்டார்கள்.

அந்த அதிகாரத்தை ஏற்றுக்கொள்ள ஒரு தனித்தாசில்தார் வந்தார். செவ்வாய்க்கிழமை விடியற்காலை புறப்படுவது, மலையேறுவது, மூன்று மணிக்கு அத்திக்குழியில் பெரியவூட்டார் அதிகாரத்தை ஒப்படைப்பது என்று நிகழ்ச்சி நிரல் தட்டச்சாகி வந்தது. என்னையும் வரச் சொன்னார். மூன்று மணிக்கு நடப்பதை இரண்டரை மணி பஸ்ஸில் அனுப்ப வேண்டும். திங்கட்கிழமையே எழுதினேன். ‘பெரியவூட்டார் கண்கலங்கி, கைகூப்பி அதிகாரத்தை ஒப்படைத்தார். இன்று முதல் அப்பகுதி மக்கள் எவரும் கூலியில்லா வேலைக்குச் செல்ல வேண்டியதில்லை.’ ஒரு தலைவர் விழும்போது கண் கலங்காமலா இருக்கும் என்று நினைத்தேன். நிரலைப் பார்த்து எழுதியது, ‘தா’ போட்டிருக்க வேண்டும். நானே அங்கே நிற்கப் போகிறேனே என்று ‘பா’ போட்டேன். கவரைத் தம்பியிடம் கொடுத்து, மறுநாள் பஸ்ஸில் சேர்க்கச் சொன்னேன்.

கச்சிராயபாளையம் தாண்டி அடிவாரம் வரை ஜீப் போயிற்று. அதற்கு மேல் பாதை நடப்பவர்களுக்கு மட்டும். தாசில்தாரிடம் ஒரு மடக்கு மேசை, இரண்டு நாற்காலி, படிவங்கள் அடங்கிய தகரப் பெட்டி, சமையல் சாமான் எல்லாம் இருந்தன. அடிவாரத்தில் எட்டுப் பேர் எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.

“யார் அனுப்பினது சார் இவங்கள?” என்று கேட்டேன்.

“சொல்லி அனுப்பியிருந்தேன். பெரியவூட்டார் முறை போட்டு அனுப்பியிருக்காரு. நல்ல மனுஷன்” என்றார் தாசில்தார்.

கூலியில்லா வேலையை ஒழிக்கும் ஆணை தகரப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி கூலியில்லா ஆள் ஒருவரின் தலையில் இருந்தது. அவர் பெயர் வெள்ளையன். நாற்பது வயதிருக்கும். ஏற்றத்தில் எனக்கு முன்னால் நடந்தவர், இரண்டாவது வளைவில் பேச ஆரம்பித்தார்.

“பாய், இந்த வேல இன்னிக்கே முடிஞ்சிடுமா?”

“முடிஞ்சிடும். ஏங்க?”

“என் கொல்லையில சாம பழுத்துப் போச்சி. கைய வச்சா உதுருது. இந்தச் சொம முடிஞ்சா, நாளையிலருந்து பெரியவூட்டுக் கொல்லைல அறுப்பு, எனக்கு மூணு நாளு முற. அத்த முடிச்சிட்டு என்னுதுக்கு வர்றதுக்குள்ள ஒரு மழ பேஞ்சா, தாள்தான் மிஞ்சும். வருசத்துச் சோறு அது.”

“இன்னிக்கு மூணு மணிக்கு மேல முறையே கிடையாதுங்க. அதுக்குத்தான் போறோம்.”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தலையில் பெட்டி இருந்தது.

“அப்ப கொஞ்சம் வேகமா நடங்க” என்றார்.

பெரியவூட்டார் ஒல்லியான மனிதர். வயது அறுபதுக்கு மேல். கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தவர், எழுந்து வந்து கும்பிட்டார். சாமைச் சோறும் கோழிக்குழம்பும் போட்டார். தாசில்தார் சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தார். மூன்று மணிக்குச் சரியாக மேசை விரிக்கப்பட்டது. அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

ஒப்படைப்புச் சான்று மூன்று பிரதி. அதில் ‘ஒப்படைக்கப்படும் பொருள்கள்’ என்று ஒரு பட்டியல். பொருள், எண்ணிக்கை, நிலை என்று மூன்று கட்டம்.

“சாவிங்க எதனா?” என்றார் தாசில்தார்.

“வூட்டுக்குப் பூட்டே கெடயாது” என்றார் பெரியவூட்டார்.

“கணக்கு, பதிவேடு?”

“எழுதப் படிக்கத் தெரியாதுங்க.”

“ஆயுதம்? கோல், முத்திர, பட்டயம்?”

பெரியவூட்டார் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஒரு குடையோடு வந்தார். ஒரு கம்பி ஒடிந்திருந்தது. தாசில்தார் அதை விரித்துப் பார்த்துவிட்டு, மடித்துக் கொடுத்தார்.

“எல்லாக் கட்டத்திலயும் ‘இல்ல’ன்னு எழுதினா மேல ஏத்துக்க மாட்டாங்க. ஒண்ணுமில்லாததை ஏன் போய் வாங்கினேன்னு கேப்பாங்க. அப்ப உங்க அதிகாரம்னு எதத்தான் சொல்றது?”

பெரியவூட்டார் உண்மையிலேயே யோசித்தார்.

“எந்த வூட்டுக்கு எந்த நாளு முறன்னு எனக்கு மனசுல இருக்குதுங்க. அதான். வேற ஒண்ணும் இல்ல.”

தாசில்தாரின் முகம் தெளிந்தது. அதைப் பட்டியலாக எடுத்துக்கொள்ளலாம். அவருடன் வந்திருந்த எழுத்தர் தாளை எடுத்தார். பெரியவூட்டார் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். மூன்றாவது பெயரில் எழுத்தர் நிறுத்தினார். தகப்பனார் பெயர், வயது, அங்க அடையாளம் என்று படிவத்தில் இருந்தது. அதற்கு ஆள் நேரில் வேண்டும். எல்லா ஊருக்கும் சொல்லியனுப்பப்பட்டது. யார் கூப்பிட்டால் வருவார்கள்? பெரியவூட்டார்தான் கூப்பிட்டார். வந்தார்கள். முறையை ஒழிப்பதற்காக, எல்லா வீட்டு ஆண்களும் ஒரே நேரத்தில் முறைக்கு வந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். அந்த மலையில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை என்று பெரியவூட்டாரே சொன்னார். இருட்டும்வரை பன்னிரண்டு பெயர்தான் முடிந்தது.

புதன்கிழமை காலையில் மறுபடி. வெள்ளையனின் பெயர் முதல் நாளே எழுதியாயிற்று. ஆனால் இறங்கும்போது பெட்டி தூக்க ஆள் வேண்டுமே, அவரைப் போகவிடவில்லை. என் பக்கத்தில் வந்து குந்தினார்.

“மூணு மணின்னீங்க.”

“தாமதம் ஆயிடுச்சிங்க.”

“மோடம் போட்டுக்கினு வருது பாருங்க.”

பார்த்தேன். தெற்கே கறுத்திருந்தது. எழுத்தர் ஒருவரின் இடது முழங்காலில் இருந்த மச்சத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

பிற்பகலில் அடிவாரத்திலிருந்து தாசில்தாரின் தபால் வந்தது. கூடவே அன்றைய பத்திரிகை. தன் பெயர் அச்சில் வருவதைப் பார்க்க அவரே சொல்லி வைத்திருந்தார். விரித்தார். ‘பெரியவூட்டார்’ என்று வாய்விட்டுப் படித்து, ஒரு முறை சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. மடித்து அதன் மேல் உட்காரப் போனார்.

“இன்னா போட்டுக்கிறான்?” என்றார் பெரியவூட்டார்.

“ஒண்ணுமில்ல. பொதுவா எழுதியிருக்கு.”

“என் பேர சொல்லிட்டுத்தான சிரிச்சீங்க. பாய் எழுதினதுதான, பாயே படிக்கட்டும்.”

படித்தேன். அச்சில் வந்த என் எழுத்தை அதற்கு முன் இவ்வளவு மெதுவாகப் படித்ததில்லை.

“கண்ணு கலங்குச்சின்னு போட்டுக்கிறியே” என்றார் பெரியவூட்டார். “யாரு பாத்தது?”

விழுப்புரத்தில் மட்டுமே கேட்கப்படும் கேள்வி என்று நினைத்திருந்தேன்.

“சரி. நேத்தே ஒப்படைச்சிட்டேன்னு ஊரு நாட்டுக்கெல்லாம் சொல்லியாச்சி. அப்பறம் நான் இன்னாத்துக்குக் குந்திக்கினு பேரு சொல்லிக்கினு இருக்கறேன்?” கட்டிலை விட்டு எழுந்தார்.

“பேப்பர்ல வந்தது செல்லாதுங்க. பட்டியல் பாதிதான் எழுதியிருக்கு” என்றார் தாசில்தார்.

வெள்ளையன் என்னிடம் குனிந்து கேட்டார். “அந்தக் கடசியில படிச்சீங்களே, இன்று முதல்னு. இன்னிக்கின்னா இன்னிக்குத்தான?”

“ஆமாங்க.”

அவர் பெரியவூட்டாரைப் பார்த்தார். பெரியவூட்டார் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினார். பின்னாலேயே இரண்டு பேர். பிறகு வரிசை முழுவதும் எழுந்தது. ஆரவாரம் எதுவும் இல்லை. எல்லோருக்கும் சாமை பழுத்திருந்தது.

“அவங்கள நிக்கச் சொல்லுங்க” என்றார் தாசில்தார்.

“நான் எப்பிடிச் சொல்றது? என்னுது நேத்தோட போச்சி. இப்ப உங்களுதுதான, நீங்க கூப்புடுங்க.”

தாசில்தார் கூப்பிட்டார். நல்ல குரல் அவருக்கு. எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

எப்படியும் சான்று முடிந்தாக வேண்டும். தாசில்தார் சற்று நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினார். பொருள்: அதிகாரம். எண்ணிக்கை: ஒன்று. நிலை: பழையது. ஆதாரம் என்ற இடத்தில், ‘பத்திரிகைச் செய்தி இணைக்கப்பட்டுள்ளது’. செய்தியோடு பொருந்த வேண்டுமென்று முதல்நாள் தேதி போட்டார். பெரியவூட்டார் மறுக்காமல் மூன்று பிரதியிலும் கட்டைவிரல் வைத்தார். என் செய்தியை வெட்டுவதற்குக் கத்தி அவர் வீட்டிலிருந்தே வந்தது.

இறங்கும்போது தகரப் பெட்டி தாசில்தாரின் தலையில். நாற்காலிகள் எழுத்தரிடம். சமையல் பாத்திரங்கள் என்னிடம். மேசையை விட்டுவிட்டு வந்தோம். பெரியவூட்டார் மரியாதைக்காக ஓடை வரை கூட வந்து, “இதுவரிக்கும்தான் நம்ம எல்ல” என்றார். ஓரடி நடந்துவிட்டு, “இருந்திச்சி” என்றார்.

வியாழக்கிழமை நானே விழுப்புரம் போய் வேதாசலத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே பிளேடை எடுத்தார். பென்சில் பாதியாகும்வரை சீவினார்.

“அப்ப செவ்வாய்க்கிழமை எதுவும் நடக்கல.”

“நடக்கல சார்.”

“முறைப்படி மறுப்புப் போடணும். ‘ஒப்படைப்பு நடைபெறவில்லை’ன்னு.”

“போட்டா அதையும் மலையில படிப்பாங்க சார். முறை திரும்பவும் வந்துடுமோன்னு பயமா இருக்கு. அந்த வெள்ளையன் அறுப்பு முடிச்சாரான்னு தெரியல.”

சீவல்களை மடித்துக் கூடையில் போட்டார். அது வழக்கத்தைவிடப் பெரிய பொட்டலம்.

“உங்க வேலைய பத்தி அப்புறம் பேசலாம். இப்ப மலைக்குப் போங்க. பாத்துட்டு வந்து எழுதுங்க. இந்தத் தடவ பாத்துட்டு.”

வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே ஏறினேன். மழை இன்னும் வரவில்லை, காற்று ஈரமாக இருந்தது. வெள்ளையன் கொல்லையில் அவரும் மனைவியும் மகளும் அறுத்துக்கொண்டிருந்தார்கள். நாலில் ஒரு பங்கு நின்றிருந்தது. கொல்லை ஓரத்தில் பெரியவூட்டார் வெயிலில் தனியாக நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

“வெள்ளையா.”

“சொல்லுங்க சாமி.” நிமிராமல் சொன்னார்.

“என் கொல்ல அப்பிடியே நிக்குதுடா. எனக்கு யாருடா அறுக்கறது?”

வெள்ளையன் ஒரு கைப்பிடி அறுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“முற போட்டுக்கலாம் சாமி. எங்க கொல்லைல நீங்க எத்தினி நாளு அறுக்கறீங்களோ, உங்க கொல்லைல நான் அத்தினி நாளு.”

அவர் மனைவி அறுப்பதை நிறுத்திவிட்டார். பெரியவூட்டார் என்னைப் பார்த்தார். ‘இதையும் எழுதப் போகிறாயா’ என்று கேட்பது போலிருந்தது. பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கொல்லைக்குள் இறங்கினார். வெள்ளையனின் மகள் தன் அரிவாளைக் கொடுத்தாள்.

அவருக்கு அறுக்கத் தெரியவில்லை. கதிரைப் பிடித்து இழுத்தார். மணி உதிர்ந்தது.

“கீழ புடிங்க சாமி. தாளோட. குலுக்காதீங்க.”

“இப்பிடியா?”

“இன்னும் கீழ. குனிஞ்சாத்தான் வரும்.”

சனிக்கிழமை மதியத்துக்குள் வெள்ளையனின் சாமை களத்துக்குப் போய்விட்டது. நானும் கட்டுச் சுமந்தேன். நான் சுமந்ததில் பாதி பாதையில் கொட்டியதாக அவர் மகள் சொன்னாள்.

வேதாசலம் நான் எழுதிக் கொடுத்ததை இருமுறை படித்துவிட்டு, மறுப்பு என்று இரண்டு வரி மட்டும் போட்டார். ‘ஒப்படைப்பு நிகழ்ச்சியில் பெரியவூட்டார் கண்கலங்கினார் என்று வெளியானது தவறு. வருந்துகிறோம்.’ என்னை நீக்கவில்லை. ஆறு மாதம் எனக்கு ‘பா’ போடும் உரிமையைப் பறித்தார். கண்ணெதிரே பார்த்த தீ விபத்துக்கும் ‘கே’ தான்.

அந்த மறுப்பை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் மேலே போனேன். பெரியவூட்டாரும் அவர் மனைவியும் தங்கள் கொல்லையில் அறுத்துக்கொண்டிருந்தார்கள். படித்துக் காட்டினேன். “சரி” என்றார். ஒரு நல்ல மழை பெய்து முடிந்திருந்தது. பெரிய கொல்லை, பாதிக்கு மேல் தரையில் கிடந்தது.

“யாரும் வரலியா?” என்று கேட்டேன்.

“வெள்ளையன் வந்தான்” என்றார் அவர் மனைவி. “இவுரு அங்க ஒண்ணர நாளு அறுத்தாரு இல்ல? அவனும் ஒண்ணர நாளு அறுத்தான். மத்தியானம் ஆனதும் அருவாள எடுத்துக்கினு போயிட்டான்.”

பெரியவூட்டார் நிமிராமல் சொன்னார்.

“நல்லா அறுத்தான். அடுத்த வருசம் அவனுக்கு ஒரு பத்து நாளு அறுத்துட்டா, இந்தக் கொல்லய முழுசா முடிச்சிடலாம்.”